வாப்பாவின் தண்ணீர்க் குப்பி

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர்கள் கேட்டபோது, சீறாப்புராணத்தைப் பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். ஆண்டுதோறும் அதைத்தான் எழுதி வருகிறேன். இவ்வாண்டு வேறொன்றை எழுத மனம் விழைகின்றது. ஆயினும் அதுவும் சீறாவில்தான் தொடங்குகிறது.

கீழக்கரையில் என் வாப்பா, கயிறும் வலைநூலும் விற்கும் சிறு கடை ஒன்று வைத்திருந்தார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் சீறாவில் பாதிக்கு மேல் மனப்பாடம். உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதி வள்ளலின் ஊர்க்காரர் என்ற பெருமிதம் அவருக்கு உண்டு. இஷாத் தொழுகை முடிந்து வந்ததும் திண்ணையில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பாடத் தொடங்குவார். இராகம் பெரிதாக ஒன்றும் இல்லை. சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் உச்சரிக்கும் அழகுதான் பாட்டு. ழகரமும் றகரமும் அவர் நாவில் அப்படி நின்றன. தெருவில் போகிறவர்கள் இரண்டு செய்யுள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குத் தமிழ் வந்தது அந்தத் திண்ணையிலிருந்துதான். பல்கலைக்கழகம் பின்னால் வந்து பட்டம் மட்டும் கொடுத்தது.

1994ஆம் ஆண்டில் அவருக்குத் தொண்டையில் வலி கண்டது. விழுங்கும்போது காதுவரை இழுக்கிறது என்றார். தொண்டைப்புண் என்று எண்ணிச் சுக்கும் மிளகும் கொடுத்தோம், பிறகு மாத்திரைகள். நான்கு மாதங்கள் இவ்வாறே கழிந்தன. மதுரையில் சதையெடுத்துப் பார்த்தபோது அடிநாக்கில் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த இடத்தில் கத்தி வைப்பது கடினம், கதிர்வீச்சுத்தான் வழி என்றார்கள். நம் மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கரண்ட் வைப்பது'. மின்சாரம் பாய்ச்சுவார்கள் போலும் என்று உம்மா நடுங்கினார்கள். எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் பற்களைப் பிடுங்கினார்கள். கதிர் பட்ட தாடையெலும்பில் பிற்காலத்தில் பல் பிடுங்க நேர்ந்தால் புண் ஆறாது என்பதால் அந்த முன்னேற்பாடு. அதன்பின் வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரங்கள், 35 முறை, கோபால்ட் கருவியின் அடியில் படுத்து எழுந்தார். மதுரையில் உறவினர் ஒருவர் மாடியறையை ஒழித்துத் தந்தார். அந்த மாடியறை இல்லையேல் வாப்பாவுக்குச் சிகிச்சையே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கழுத்தின் தோல் கறுத்து உரிந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை. ஆனாலும் ஒரு நாளும் தவறவிடவில்லை.

நோய் போயிற்று. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கோபால்ட் என் வாப்பாவுக்குப் பதினாறு ஆண்டு வாழ்வு தந்தது. அந்தக் கருவியைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் போனது நோய் மட்டுமன்று, உமிழ்நீரும் போயிற்று.

உமிழ்நீர் என்பதை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. அது இல்லாத வாய் எப்படிப்பட்டது என்பதை நான் வாப்பாவிடம் கண்டேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சோறு மணல்போல் உருளும். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து வாயை நனைப்பார். எங்கே போனாலும் துணிப்பையில் ஒரு தண்ணீர்க் குப்பி. கடையிலும், கல்யாண வீட்டிலும், ஜனாஸாவிலும் அது அவருடன் இருந்தது. ஊர்ப்பிள்ளைகள் 'குப்பி அப்பா' என்றுகூட விளையாட்டாக அழைத்தார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

ரமலான் வந்தபோது சிரிக்கவில்லை. ஏழு வயதிலிருந்து நோன்பு விடாதவர். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கலாம். அவ்வாறே செய்தார். முப்பது நாளும் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் பகலில் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் அறையின் கதவைச் சாத்திக்கொள்வார்.

சிகிச்சை முடிந்த ஆண்டிலேயே ஒரு நாள் இரவு திண்ணையில் அமர்ந்து சீறாவைத் தொடங்கினார். முதலடி வந்தது. இரண்டாம் அடியின் நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டது. குப்பியைத் திறந்து குடித்துவிட்டு மீண்டும் தொடங்கினார். மறுபடியும் அதே இடம். நூலை மூடி அலமாரியில் வைத்தார். 2010இல் அவர் மறையும்வரை அந்த நூல் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு வாப்பா வாய்திறந்து ஒரு செய்யுளும் சொல்லி நான் கேட்டதில்லை.

அறிவியல் கற்காத தமிழாசிரியன், நான் பின்னால் தேடித் தெரிந்துகொண்டவற்றை என்னால் இயன்ற அளவில் சொல்கிறேன். காதின் முன்புறம், கன்னத்தின் இருபக்கமும் இரண்டு பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பழைய முறையில் கதிரை முகத்தின் இருபுறமிருந்தும் நேராகப் பாய்ச்சுவார்கள். அது வாசல் வழியே விழும் வெயில்போல் வழியில் உள்ள அனைத்தின்மேலும் விழும். அடிநாக்கில் உள்ள கட்டியும் கரியும், கன்னத்துச் சுரப்பியும் கரியும். கோபால்ட் கருவிக்கு வேறொரு குறையும் உண்டு. அதனுள்ளே இருக்கும் கதிரியக்கப் பொருளின் அரையாயுள் 5.27 ஆண்டு. அத்தனை ஆண்டில் அதன் வலிமை பாதியாகிவிடும். புதிதாக மாற்றாவிட்டால், ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் கொடுத்த அளவைக் கொடுக்க நான்கு நிமிடம் ஆகும். வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும்.

லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்னும் கருவியில் கதிரியக்கப் பொருள் கிடையாது. எலக்ட்ரான்களை மிகுவேகத்தில் ஓடவிட்டு உலோகத் தகடொன்றில் மோதச் செய்து கதிரை உண்டாக்குகிறார்கள். விசையை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். கதிர் வெளிவரும் வாயிலில் மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் விரல்கள்போல் வரிசையாக இருந்து, கட்டியின் வடிவத்துக்கேற்ப நீண்டும் சுருங்கியும் வழிவிடுகின்றன. இத்துடன், கதிரின் செறிவை இடத்துக்கு இடம் கூட்டியும் குறைத்தும் பல கோணங்களிலிருந்து செலுத்தும் முறை ஒன்று வந்தது. ஐ.எம்.ஆர்.டி. என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். எங்கே எவ்வளவு விழவேண்டும் என்பதை மருத்துவரும் மருத்துவ இயற்பியலரும் கணிப்பொறியில் நாட்கணக்கில் வகுக்கிறார்கள். கன்னத்துச் சுரப்பியைக் காப்பதென்றால் அதையும் ஒரு கட்டளையாகக் கணிப்பொறிக்குச் சொல்லவேண்டும்.

இதனால் விளையும் வேறுபாடு சிறிதன்று. பிரிட்டனில் நடந்த பார்ஸ்போர்ட் என்னும் ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின. தொண்டைப் பகுதியில் புற்றுநோய் கண்டவர்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்குப் பழைய முறையிலும் மறு கூற்றுக்கு ஐ.எம்.ஆர்.டி. முறையிலும் கதிர் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பழைய முறையில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 74 பேருக்கு வாயுலர்வு தொல்லை தரும் அளவில் இருந்தது; புதிய முறையில் 38 பேருக்கு. இந்த எண்களைப் படித்த அன்று நான் நெடுநேரம் வேறு வேலை பார்க்கவில்லை. 1994இல் அம்முறை உலகில் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. நாங்கள் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. அது ஓர் ஆறுதல். ஆனால் நாங்கள் கேட்கவே இல்லை என்பதும் உண்மை. 'இதைவிட வேறு வழி உண்டா, பின்னால் என்ன இழக்க நேரும்?' என்று ஒரு பட்டதாரி மகன் தன் வாப்பாவுக்காக மருத்துவரைக் கேட்கவில்லை.

2022இல் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு மீண்டும் வந்தது.

நம் துறையில் பயின்ற மாணவி ஒருத்தி தொடர்ந்து நான்கு நாள் வகுப்புக்கு வராமல், ஐந்தாம் நாள் துறைக்கு வந்து நின்றாள். அவளுடைய தந்தை எங்கள் பகுதியில் சங்கு குளிப்பவர். என்னினும் ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரைக் காக்கா என்பேன். மூச்சையடக்கிக் கடலுக்கடியில் போய்ச் சங்கெடுத்து மேலே வருகிறவர். வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. "சார், வாப்பாவுக்கு அடிநாக்கில கட்டியாம்" என்று அவள் சொன்னபோது, எனக்கு 1994ஆம் ஆண்டு மதுரை மாடியறையின் வாசம் வந்தது.

பெரிய நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அவருடன் போனேன். கதிர்மருத்துவராக இருந்தவர் ஓர் அம்மையார். பொறுமையாகப் பேசினார். நான் குறித்துக்கொண்டு போன கேள்விகளில் முதலாவது உமிழ்நீரைப் பற்றியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதை யாரும் முன்னாடியே கேக்கறதில்ல சார். எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து அழுவாங்க" என்றார்.

அங்கே நான் ஓர் அறியாமையையும் வெளிப்படுத்தினேன். சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை மையம் ஒன்று இயங்குவதைச் செய்தித்தாளில் படித்திருந்தேன். புரோட்டான் துகள் உடலுக்குள் குறித்த ஆழம்வரை சென்று, அங்கே தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அப்பாலுள்ள உறுப்புகளைத் தீண்டாது. 1946இலேயே ராபர்ட் வில்சன் என்னும் அமெரிக்க இயற்பியலர் இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். ஆகவே ஊரில் பணம் திரட்டியேனும் அங்கே கொண்டு செல்லலாமா என்று கேட்டேன். அம்மையார் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. "மூளையில கட்டி வந்த சின்னக் குழந்தைக்கு அது வேணும்னா நானே கைப்பட எழுதி அனுப்புவேன். வளர்ற உடம்பு அது, சுத்தியுள்ள இடத்தைக் காப்பாத்தியாகணும். இவருக்கு ஐ.எம்.ஆர்.டி. போதும். அதுக்கு இடம் கிடைக்கிறதுதான் இப்ப கஷ்டம். அந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்கு வையுங்க" என்றார். உயர்ந்த சிகிச்சை என்பது விலையுயர்ந்த சிகிச்சை என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு பாடம். இன்னாருக்கு எது பொருந்துமோ அதுவே அவருக்கு உயர்ந்தது.

இடம் கிடைப்பதுதான் கஷ்டம் என்று அவர் சொன்னதன் பொருள் அரைமணி நேரத்தில் விளங்கியது. புதிய கருவியில் ஒன்பது வாரம் கழித்துத்தான் நாள் கொடுக்க முடியும். பழைய கோபால்ட் கருவியில் அடுத்த வாரமே தொடங்கலாம். இத்தகைய நோயில் ஒன்பது வாரம் காத்திருப்பது கட்டிக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். உயிரா, உமிழ்நீரா என்று ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நிலை. மருத்துவர் மீதோ மருத்துவமனை மீதோ குற்றமில்லை. அந்தக் கருவி காலையிலிருந்து இரவு வரை ஓடிக்கொண்டிருந்ததை என் கண்ணால் கண்டேன். பத்து லட்சம் மக்களுக்கு ஒரு கருவியேனும் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நம் நாடு அதை எட்டவில்லை. புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், ஒன்பது வாரம் என்பது எப்படி வந்தது என்று தெரியும்.

"பத்து நாள் எடுத்துக்குங்க. வேற ஊர்ல கிடைச்சா உடனே போங்க. கிடைக்கலேன்னா இங்க கோபால்ட்டுலயே தொடங்கிடணும், நாளைத் தள்ளக் கூடாது" என்று அம்மையார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பத்து நாளும் நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்பது மாணவர்களுக்குத்தான் தெரியும். முப்பதாண்டு ஆசிரியத் தொழிலில் சேர்த்த செல்வம் பழைய மாணவர்களின் தொலைபேசி எண்கள்தாம். திருச்சியில், தஞ்சையில், நெல்லையில், கோவையில் என்று ஒவ்வொருவராக அழைத்தேன். ஆறாம் நாள், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நகரத்தில், பரிசோதனைக்கூடத்தில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், அங்கே புதிய கருவியில் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார்.

இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். அப்போது பெயர் குறுக்கே வந்தது. காப்பீட்டு அட்டையில் காக்காவின் பெயரின் முற்பகுதி 'முகமது'. ஆதாரில் 'முஹம்மத்'. குடும்ப அட்டையில் ஆங்கிலத்தில் 'எம்.டி.' என்ற சுருக்கம். ஒரே மனிதர் மூவராக நின்றார். மூவரும் ஒருவரே என்று சான்று கொண்டுவந்தால்தான் அனுமதி வரும் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். தமிழில் ஒலிபெயர்ப்பு நெறிமுறைகள் என்று கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தவன் நான். என் கட்டுரைகளுக்கு அந்த மேசையில் மதிப்பில்லை. கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், இரவு எட்டு மணிக்குத் தம் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கையெழுத்திட்டுத் தந்தார். அவருடைய பெயரை எழுத விருப்பம்தான். அவர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிபவன். நூறு முறை வகுப்பில் நடத்திய குறள். உடனிருப்பவன் எங்கே தங்குவான், என்ன உண்பான், அவன் வேலை என்ன ஆகும் என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை. ஏழு வாரம், 35 நாள். நாளொன்றுக்குக் கருவியின் அடியில் கழிவது கால்மணி நேரம். மீதி இருபத்து மூன்றேமுக்கால் மணி நேரத்துக்கு எந்தக் காப்பீடும் இல்லை. இரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு. மருத்துவமனையின் சான்று இருந்தால் படுக்கை வகுப்பில் அவருக்குக் கட்டணமே இல்லை, உடன் செல்பவருக்கு நூற்றுக்கு 75 பங்கு குறையும். நல்ல ஏற்பாடு. ஆனால் கீழக்கரையில் இரயில் நிலையம் இல்லை, இராமநாதபுரம் போகவேண்டும். நாள்தோறும் போய்வர முடியாத தொலைவில் இருப்பவனுக்கு வேண்டுவது பயணச் சலுகையன்று, ஓர் அறை. 1994இல் வாப்பாவுக்குக் கிடைத்த அந்த மாடியறை.

பழைய மாணவர்கள் சேர்ந்து மருத்துவமனைக்கு அருகில் ஓர் அறையை இரண்டு மாதத்துக்கு எடுத்தார்கள். மருத்துவமனைக்குக் கருவி வாங்கக் கொடுப்பவர் பெயர் கல்லில் பொறிக்கப்படும். அறை வாடகை கொடுத்தவர் பெயர் எங்கும் வராது. பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

காக்காவுக்கு முகமூடி செய்தார்கள். நெகிழித் தட்டொன்றை வெந்நீரில் இளக்கி, முகத்தின்மேல் அழுத்தி, அவர் முக அச்சிலேயே இறுகச் செய்கிறார்கள். கதிர் பாயும்போது தலை நூலளவும் அசையாமல் இருக்க அதை மேசையோடு பூட்டுவார்கள். பலர் அதில் மூச்சு முட்டுகிறது என்று அஞ்சுவார்களாம். முதல்நாள் முடிந்து வெளியே வந்தவரிடம் எப்படியிருந்தது என்று கேட்டேன். "மூச்சு தாராளமா விடலாம்னு அந்தத் தம்பி சொல்றாரு சார். எனக்கு அடக்கித்தானே பழக்கம்" என்றார்.

அங்கே காத்திருக்கும் விசிப்பலகையில் ஒரு மூதாட்டியைப் பார்த்துவந்தேன். கருப்பைவாய்ப் புற்றுநோய். மலையடிவாரத்து ஊர். ஒரு பேருந்தில் வந்து, மற்றொன்றில் மாறி, மூன்றரை மணி நேரம் பயணம் செய்து வருகிறார். அதே பொழுது திரும்பவும் போகிறார். ஆடுகளை அடுத்த வீட்டில் கட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். அவருக்கு 25 நாள் வரச் சொல்லியிருந்தார்கள். பதினோரு நாள் வந்தார். அதன்பின் நான் போன நாட்களில் அவரைக் காணவில்லை. செவிலியரைக் கேட்டேன். தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை என்றார். பாதியில் விட்ட கதிர்ச் சிகிச்சை, பட்ட துன்பத்தைத் தந்துவிட்டுப் பயனை மட்டும் தராமல் போகக்கூடியது. அந்த மூதாட்டிக்கு மருந்து இல்லாமல் போகவில்லை, மருத்துவர் இல்லாமல் போகவில்லை, அனுமதியும் கிடைத்திருந்தது. ஒரு பாயும் ஒரு வேளைக் கஞ்சியும் அந்த நகரத்தில் கிடைத்திருந்தால் மீதிப் பதினான்கு நாளும் வந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

இவற்றையெல்லாம் எண்ணும்போது இந்தத் துறையின் பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. 1895இல் எக்ஸ் கதிரைக் கண்ட ராண்ட்கன் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் கியூரி இணையரும் பெறவில்லை. உலகத்துக்கு வழங்கிவிட்டார்கள். ஆனால் பின்னாளில் ரேடியத்தின் விலை ஏறிப்போய், ஆராய்ச்சிக்கு ஒரு கிராம் வாங்க மேரி கியூரிக்கே வழியில்லாமல் போயிற்று. 1921இல் அமெரிக்கப் பெண்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டி அந்த ஒரு கிராமை அவருக்கு அளித்தார்கள். கண்டுபிடித்தவருக்கே கைக்கெட்டாமல் போகும் பொருள், சங்கு குளிப்பவருக்கு எட்டவில்லை என்பதில் வியப்பென்ன? நம் மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த அறிஞர் அண்ணாவும் 1968இல் சிகிச்சைக்காக நியூயார்க் வரை செல்ல நேர்ந்தது. 1969இல் அவர் மறைந்த பின் அவர் பெயரால் காஞ்சியில் அரசு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பதாண்டு கனவை விடாது பேணி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார். படுக்கைகள் பன்னிரண்டு. அங்கே 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டு நீங்கவில்லை. கேட்டவர்களும், கேட்டுக்கொண்டே இருந்தவர்களும் இருந்ததால்தான் இவ்வளவேனும் வந்தது.

அண்மைக்காலத்தில் மாவட்டத் தலைநகரங்களில் அரசு மருத்துவக்கல்லூரிகள் சிலவற்றிற்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் வந்துள்ளது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் உருவாக்கிய பாபாட்ரான் என்னும் கோபால்ட் கருவி நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் உழைக்கிறது; எளிய கருவிக்கும் அதற்குரிய இடம் உண்டு. ஆயினும் கருவி திறப்புவிழாவோடு நம் கேட்பு முடிந்துவிடலாகாது என்பதே என் எண்ணம். கருவி பழுதானால் எத்தனை நாளில் சீராகும்? அதை இயக்கப் பயின்ற இயற்பியலர் எத்தனை பேர்? மாலையில் இன்னும் ஒரு முறைமாற்றுப் பணியாளர் இருந்தால் ஒன்பது வாரம் நான்காகுமா? நோயாளி தங்க அருகில் கூரை உண்டா? சட்டமன்ற உறுப்பினரிடம் சாலைக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுக்கிறோமே, அதே மனுவில் இதையும் ஏன் எழுதக் கூடாது? நானும் மாணவர்களும் அவ்வாறு ஒரு மனு எழுதி, இரு பக்கத்தில், மூன்று இடங்களுக்கு அனுப்பியிருக்கிறோம். ஓரிடத்திலிருந்து 'பெறப்பட்டது' என்று பதில் வந்துள்ளது. மற்ற இரண்டிற்கும் நினைவூட்டல் அனுப்பவேண்டும்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது காக்காவைப் பார்த்தேன். சங்குக் குவியலின் அருகில் அமர்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கடலில் இறங்குவதில்லை, கழுத்தும் தோளும் இறுகிவிட்டன என்றார். நாவின் சுவை திரும்பிவர எட்டு மாதம் ஆயிற்றாம். புளிப்பு இன்னும் சரியாக வரவில்லையாம். குரலும் சற்றுக் கரகரத்திருந்தது. மகள் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள் என்று சொல்லும்போது மட்டும் பழைய குரல் வந்தது. புகையிலை நின்றுவிட்டதா என்று கேட்டேன். "நீங்க இருக்கும்போது கேக்குறீங்களே" என்று பேச்சை மாற்றினார்.

வீட்டிலிருந்து தட்டில் முறுக்கு வந்தது. நானும் எடுத்தேன், அவரும் ஒன்றை எடுத்தார். வழக்கம்போல் என் துணிப்பையில் தண்ணீர்க் குப்பி இருந்தது. வாப்பாவுடன் போய்ப் போய் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கை தானாகவே பைக்குள் போயிற்று. காக்கா முறுக்கை ஒடித்து வாயில் இட்டு, மெல்ல மெல்ல, என்னைவிட இருமடங்கு நேரம் எடுத்துக்கொண்டு மென்றார். விழுங்கினார். அடுத்த துண்டை எடுத்தார். குப்பியை நான் வெளியே எடுக்கவில்லை.